அட்டைகளின் பெரட்டும் லீக்ஸ் வணிகரின் கண்ணீரும்

மேற்பிரிவு,
மடுல்சீமை.
ஞாயிறு முற்பகல்.

என் உடன்பிறந்தாள் இராக்கம்மா பெற்றெடுத்த பெருஞ்செல்வமே, கொழும்பு மாநகரின் புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே தூரிகை ஏந்தி நிற்கும் என் மருமகள் மதுஷாவே!

இங்கு நானும் உன் அத்தை சரோஜாதேவியும் நலம். மலையும் நலம். ஐப்பசி மழை மட்டும் தன் கடமையைச் சற்று மிகையாகச் செய்து வருகிறது. "உன் நலத்தை அறிய ஆவல்" என்று அடுத்து எழுதுவதே முறை. ஆனால் உன் நலத்தைத்தான் போன கிழமை தொலைபேசியில் அறிந்துகொண்டேனே! முப்பது ஆண்டுகள் தொழிற்சங்க மேடையில் ஒலிவாங்கியின் முன்னே நின்றவனிடம் போய், "நல்லாத்தான் இருக்கேன் மாமா" என்றால் நம்புவேனா? ஓட்டை விழுந்த கூரைக்கும் ஓட்டை விழுந்த குரலுக்கும் மழை ஒன்றுதான் என்பதை அறியாதவனா நான்?

நீ சொன்னவற்றை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். ஒவ்வொரு ஞாயிறும் உன் கேலிச்சித்திரத்துக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கி வந்த உன் இதழாசிரியர், மூன்று கிழமைகளாக நீ அனுப்பியவற்றைச் சிரிப்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். விலையேற்றத்தைப் பார்த்தாயிற்று, பேருந்து நெரிசலைப் பார்த்தாயிற்று, மாமியாரையும் மருமகளையும் போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்தாயிற்று, எவரும் தொடாத பொருளிலிருந்து சிரிப்பைக் கொண்டுவா, மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் வராவிட்டால் அந்த அரைப் பக்கம் வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார். நீ என்னிடம், "மாமா, தோட்டத்துல விசித்திரமா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, நான் படமாக்கிக்கிறேன். எனக்கு இப்பெல்லாம் எதப் பாத்தாலும் சிரிப்பே வரமாட்டேங்குது. அந்த எடம் போச்சுன்னா நான் ஊருக்கே வந்துர்றேன்" என்றாய்.

மருமகளே! கார்த்திகைத் தீபத்துக்கு வா. வாசல் நிறைய விளக்கேற்றி வைக்கிறேன். பொங்கலுக்கு வா, உன் அத்தை பானையோடு காத்திருப்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு மட்டும் வாராதே! நம் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் படம் வரையப் போனாள் என்று கேட்டபோது வாயில் கைவைத்தவர்கள் இன்னும் கையை எடுக்கவில்லை.

உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் இருத்தியவன் நான். நீ ஆளானபோது சீர்வரிசைத் தட்டுகளோடு மேளம் முழங்க மலையேறி வந்தவன் நான். ஆவணியில் உன் அம்மா நம்மை விட்டுப் போன பிறகு, அவள் பக்கத்தில் உனக்குச் சீர் செய்ய எஞ்சியிருக்கும் தாய்மாமன் நான் ஒருவனே. நீ பொன் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன். நகைச்சுவை கேட்டாய், அதைவிடத் தடுமாறினேன். கேலிச்சித்திரம் பார்க்கும் வழக்கமே எனக்கில்லை. தலையங்கத்தோடு என் வாசிப்பு முடிந்துவிடும். மேடையில் மக்களை அழ வைத்திருக்கிறேன், எழ வைத்திருக்கிறேன், ஒருமுறை பசறையில் மழைக்குள்ளேயே மூன்று மணி நேரம் நிற்க வைத்திருக்கிறேன். சிரிக்க வைத்ததில்லை. ஆயினும் கேட்டவள் நீ. கொடுக்க வேண்டியவன் நான். களத்தில் இறங்கினேன்!

தீர்மானம் நிறைவேற்றாமல் எந்தப் பணியையும் தொடங்கிப் பழக்கமில்லாதவன் ஆகையால், அன்று மாலையே 'மருமகள் நகைச்சுவை உதவிக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான்; உறுப்பினர் உன் அத்தை. முதற் கூட்டத்தில் நான் தலைமையுரையைத் தொடங்கிய சற்று நேரத்துக்குள் உறுப்பினர், "அடுப்புல சோறு கொழையுது" என்று கூறி வெளிநடப்புச் செய்தார். திரும்பி வந்ததும் என் முதற் கருத்தை முன்வைத்தேன். பொருள், பனிமூட்டம். இதுவரை எவரும் பனிமூட்டத்தைக் கேலி செய்ததாகத் தெரியவில்லை. படம் முழுவதும் வெள்ளை. ஒரு கோடுகூட இல்லை. கீழே ஒரு வரி: 'இதற்குள் மடுல்சீமைப் பேருந்து வந்துகொண்டிருக்கிறது; பயணிகள் தேடிப் பிடித்து ஏறிக்கொள்ளவும்.' உனக்கு வரைகிற வேலையும் மிச்சம் பார்! இருந்த இடத்திலிருந்தே பேச எனக்கு வராது, எழுந்து நின்று, வலக்கையை உயர்த்தி, "அதோ வருகிறது பனிமூட்டம்! கண்முன்னே மலை மறைகிறது! சாலை மறைகிறது!" என்று தொடங்கினேன். உன் அத்தை, "ஐயையோ, துணியெல்லாம் வெளிய கெடக்குதுங்க!" என்று வாசலுக்கு ஓடினாள். அவளோடு லயத்தின் பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் இருந்தவர்களும் ஓடினார்கள். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. காயாத துணிகள் அனைத்தும் எட்டுக் கொடிகளிலிருந்து வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை ஈரச் சீருடையோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளின் தாய்மார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

ஒரு தோல்வியில் துவள்பவனா உன் மாமன்? அடுத்த பொருளைத் தேடி ஏழாம் எண் தேயிலை மலைக்கே போனேன். மழை விட்ட காலை. கொழுந்துச் செடிகளுக்கிடையே அட்டைகள் தலையைத் தூக்கித் தூக்கி மனித வாடை பார்க்கிற நேரம். குனிந்து அவற்றின் ஒழுக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிரஞ்சலா, "என்னாங்க தலைவரே, எதத் தொலைச்சீங்க?" என்றாள். "அட்டை பார்க்கிறேன், மகளே" என்றேன். "அதுக்கு ஏன் குனியிறீங்க? எங் காலப் பாருங்க. வேணும்னா ஒரு கூடை அள்ளித் தர்றோம், வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் கலகலத்தார்கள். இதுவே நேரம் என்று தோன்றியது. அருகில் பாறை ஒன்று இருந்தது. பாறை இருக்கும்போது தரையில் நின்று பேசுவது எனக்கு முறையாகப் படவில்லை. ஏறினேன்.

நான் சொன்ன படம் இதுதான், குறித்துக்கொள். விடியற்காலை. பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு மலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அட்டைகள் வரிசையாக நிற்கின்றன. கங்காணி அட்டை ஒன்று கம்பூன்றி நின்று, நீ ஏழாம் மலைக்குப் போ, நீ ஒன்பதாம் மலைக்குப் போ என்கிறது. மாலையில் குடித்து வந்த இரத்தத்தைத் தராசில் நிறுக்கிறார்கள். ஒரு கிழட்டு அட்டை நெளிந்து நின்று கணக்கப்பிள்ளையிடம் முறையிடுகிறது: 'நாள் முழுதும் உறிஞ்சினேன் ஐயா! ஈரத்துக்கென்று பாதியைக் கழித்துவிட்டீர்களே!'

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்து நின்றேன். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏன்டி, வெயிலடிச்ச அன்னைக்கும் நம்ம கொழுந்துல ஈரத்துக்குன்னு கழிக்கிறாங்கல்ல?" இன்னொரு குரல்: "அட்டைக்கே நாயம் கேக்க ஆளு வந்துருச்சு. நமக்குக் கேக்க நாதியில்லையா?" அவ்வளவுதான்! கூடைகள் தரைக்கு இறங்கின. கங்காணி சதீஸ்குமார் வழுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்தான்.

"தலைவரே! நீங்க ஓய்வுல இருக்கீங்கன்னுல்ல சொன்னாங்க!"

"தம்பி, நான் நகைச்சுவைதான் சொன்னேன்."

"ஐயோ, இது வேறயா!" என்று தலையில் கைவைத்தான். "நீங்க சும்மா பேசுனாலே ஒரு நாள் வேலை நிக்கும். சிரிச்சுப் பேசுனா எத்தன நாளுங்க?"

தோட்டத் துரையின் வண்டி வந்தது. வேலையை நிறுத்தச் சொன்னவர் யார் என்று அவர் கேட்டார். நான் பாறையிலிருந்து இறங்கி, பொறுப்பை ஏற்க வாயைத் திறப்பதற்குள், நிரஞ்சலா, "அட்டைங்க ஐயா!" என்றாள். எல்லோரும் "ஆமாங்க, அட்டைதாங்க!" என்றார்கள். துரை குனிந்து தம் காலணியைப் பார்த்தார். அதில் இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தை வேகமாக முடிந்தது. வெயில் அடிக்கும் நாளில் இனி ஈரத்துக்குக் கழிப்பதில்லை என்று வாக்களித்துவிட்டுப் போய்விட்டார். எத்தனையோ மேடைகளில் நான் இடியென முழங்கியும் கிட்டாத ஒன்றை ஒரு கிழட்டு அட்டை பெற்றுத் தந்தது! பெண்கள் என்னை வாழ்த்தினார்கள், சதீஸ்குமார்கூடக் கைகுலுக்கினான். ஆனால் மருமகளே, உன் கணக்கில் பார்த்தால் அங்கே ஒரு பல் தெரியவில்லை. கோரிக்கை வென்றது, நகைச்சுவை தோற்றது.

மூன்றாவது பொருள், தடித்த வெங்காயத்தாள் போல வெலிமடையில் விளையும் லீக்ஸ். இதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்று ஆக்கி வைத்திருந்தேன். வெலிமடையார் எவருக்குமே விளங்காதபடியால் கைவிட்டேன். குருதியழுத்த மாத்திரை வாங்கப் பதுளைக்குப் போயிருந்த அன்று, பேருந்து நிலையத்தருகே மிப்ரான் நடத்தும் தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். அங்கே சந்தை முடித்து வந்த இரகுநாதன் என்னும் மரக்கறி வணிகர் அமர்ந்திருந்தார். நல்ல தடித்த, கலகலப்பான மனிதர். பார்த்தாலே சிரிக்கத் தெரிந்தவர் என்று தோன்றும். சோதனைக்கு ஏற்றவர் என்று கண்டேன். மிப்ரானிடம் அனுமதி பெற்று, பலகாரப் பெட்டியருகே நின்று தொடங்கினேன். வெலிமடையில் பிறந்த லீக்ஸ் ஒன்று பாரவண்டியில் கொழும்புக்குப் போகிறது. ஒரு கிழமை குளிரறையில் தங்குகிறது. பளபளக்கும் உறை போர்த்தி, நெற்றியில் விலை ஒட்டி, நான்கு மடங்கு மதிப்போடு ஊர் திரும்புகிறது. வயலில் நிற்கும் தாய் லீக்ஸ், "யாரப்பா நீ? எங்க வீட்டுப் பிள்ளை சாயலாய் இருக்கிறாயே!" என்று கேட்கிறது. மகன் லீக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் இறக்குமதி" என்கிறது.

அந்தத் தாயின் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படித்தான் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, இரண்டு கையையும் நீட்டி. இரகுநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று மகிழ்ந்தேன். அவர் விம்மினார்! "என் மகன் கிஷாந்தனும் கொழும்புலதாங்க ஐயா இருக்கான்" என்றார். "போன் எடுத்தா 'மீட்டிங்'ங்கிறான். அவங்கம்மா பேசுனா 'அப்பறமா'ங்கிறான்." சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்து அங்கேயே அழைத்துவிட்டார். "டேய் கிஷாந்தா! அப்பா பேசுறேன்டா! நீ லீக்ஸு மாதிரி ஆயிராதடா!" மறுமுனையில் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்குமோ! அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பதறி அன்றிரவே வண்டி ஏறி வெலிமடைக்கு வந்து சேர்ந்தானாம், இன்னும் போகவில்லையாம், அம்மாவுக்கு அடுப்பூதிக் கொடுக்கிறானாம். இரகுநாதன் எனக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கிறார். மிப்ரானோ, "தலைவரே, ஒரு டீ குடிச்சிட்டுப் போற சனம் ரெண்டு மூணுன்னு குடிச்சிக் குடிச்சி அழுவுது. சந்தை நாள்ல தவறாம வாங்க" என்று கேட்டுக்கொண்டான்.

இப்படியாக, மருமகளே, ஒரு மலை கொதித்தது, ஒரு வீடு இணைந்தது, எட்டுக் கொடித் துணி நாறியது, எவரும் சிரிக்கவில்லை. என் குரலுக்குள் சிரிப்பு தங்குவதில்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. உனக்கு வெறுங்கையைக் காட்டப் போகிறேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அத்தை அதைப் பித்தம் என்று கருதிக் கசாயம் தந்தாள்.

பிறகு நடந்ததைக் கேள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஏழாம் எண் மலைப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு அப்பால் பெருஞ்சிரிப்பு. நிழல் மரம் ஒன்றின் பின்னே நின்று பார்த்தேன். சாப்பாட்டு நேரம். பெண்கள் வட்டமாக அமர்ந்திருக்க, நடுவே கவிழ்த்து வைத்த கூடைமேல் நிரஞ்சலா நிற்கிறாள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் துண்டாகத் தோளில் போட்டிருக்கிறாள். வலக்கை வானத்தில். "தாய்மாரே! தங்கைமாரே! நான் இப்போது ஒரு பகடி கூறப் போகிறேன்! எவராவது சிரித்தால் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவேன்!" அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. இன்னொருத்தி, "ஏய், அந்தத் துண்ட உதறுவாரே, அதச் செய்யி!" என்றாள். நிரஞ்சலா சாக்கை உதறினாள். அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள்.

முதலில் சினம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். மரத்தின் பின்னிருந்து வெளிப்பட்டு ஓர் உரை ஆற்றுவதென்றே துண்டை உதறினேன். உதறிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கையை ஆட்டி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா அப்படித்தான் சிரிப்பாள். நின்றபடி அவளுக்குச் சிரிக்க வராது. எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவாள். மேடையில் நின்ற இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு சிரிப்பை நான் எதிரே கண்டதில்லை. முழுதும் கேட்டுவிட்டு, ஓசைப்படாமல், கீழ்வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே ஏகமனதாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை இதனால் உனக்கு அறிவிக்கிறேன். எவரும் தொடாத பொருள் ஒன்று உண்டு, அது நானே. இந்த முகத்தை, இந்த மூக்கை, இந்தத் துண்டை, இந்த உயர்ந்த வலக்கையை உன் தூரிகைக்கு உரிமையாக்குகிறேன். வரை! பாறைமேல் ஏற்றி வரை, பலகாரப் பெட்டிமேல் ஏற்றி வரை, அட்டைகளின் நடுவே நிறுத்தி வரை. உன் மாமனின் மதிப்புக் குறைந்துவிடுமே என்று தயங்காதே. முப்பது ஆண்டுகள் சேர்த்த மதிப்பில் கொஞ்சம் செலவானால்தான் என்ன? சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. தொந்தியை உள்ளபடி காட்டு, கூட்டாதே. துண்டு தோளைவிட்டு விழக் கூடாது. என் வாயில் வேற்றுமொழிச் சொல் எதையும் வைக்காதே. கூட்டத்தை வரையும்போது முன்வரிசை நிறைந்திருக்கட்டும், ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்க நான் ஒப்ப மாட்டேன்.

உன் மைக்குப்பி வற்றாதிருக்கட்டும். உன் அடுப்பில் தினமும் ஒருவேளையாவது கடைச் சோறல்லாத சோறு வேகட்டும். இருமல் வந்தால் உடனே சொல். அத்தை தன் அன்பையும் இஞ்சிப் பாகையும் அனுப்புகிறாள். பாகு தனியே பொதியில் வரும். நீ நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் வேண்டாத,

உன் தாய்மாமன்,
சி. ரெங்கசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பு, மேலே உள்ளதை உன் அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். முகத்தையும் மூக்கையும் உரிமையாக்கிய இடத்தில் அவள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "எதத் தர்றீங்க? அதத்தான் ரெண்டு வருசமா அவ வரைஞ்சாளேங்க! ஆவணியோடல்ல நிறுத்திட்டா!" என்றாள்.

மதுஷா! 'முழக்கத்தார்' என்று ஒருவர் ஞாயிறுதோறும் உன் அரைப் பக்கத்தில் ஏறாத இடமெல்லாம் ஏறி நின்று பேசி வந்தாராமே! உருளைக்கிழங்கு மூட்டைமேல், நீர்த்தொட்டிமேல், உறங்கும் எருமைமேல்! நான்கு லயத்திலும் அவரைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். வடைக்கு எண்ணெய் வடிய வைக்கத் தாள் வேண்டுமென்று என் கைக்கு இதழ் வருமுன்னே உன் அத்தை ஒரு பக்கத்தை உருவி எடுப்பாள். நானும் வடைக்கென்றே நம்பினேன். மிப்ரானின் கடைச் சுவரில் அந்தப் படத்தை நானே கண்டிருக்கிறேன். யாரோ அமைச்சர் என்றெண்ணி, மூக்கு மிகை என்றுகூடக் கருத்துரைத்தேன். மிப்ரான் ஏன் உள்ளே ஓடினான் என்பது இப்போதுதான் விளங்குகிறது. வெள்ளியன்று நிரஞ்சலா நடித்துக் காட்டியதும் என்னை மட்டுமல்ல, உன் படத்தையும்தானாம்.

"பின்னே ஏன் நிறுத்தினாள்?" என்று கேட்டேன். அத்தை சிரிப்பதை விட்டுவிட்டாள்.

"இராக்கம்மாவ அடக்கத்துக்கு எடுத்த அன்னைக்கி நீங்க ரெண்டு வார்த்தை பேசுவீங்கன்னு ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நீங்க புள்ள கையப் புடிச்சிக்கிட்டு வாயத் தொறந்தீங்க. ஒண்ணுமே வரல. அன்னையிலருந்து அவளுக்கு உங்கள வரையக் கை வரமாட்டேங்குதாம். 'மாமா மொகம் அப்பிடியே நிக்குது அத்தை, எப்பிடிச் சிரிப்பேன்'னு போன்ல அழுதா. நீங்க என்னடான்னா அட்டையத் தேடிக்கிட்டுத் திரியிறீங்க."

மருமகளே, அன்று எனக்குச் சொல் வரவில்லை. உண்மைதான். பிறகு வந்துவிட்டது, மேலே இத்தனை பக்கம் வந்திருக்கிறது, பார்க்கிறாய் அல்லவா? ஆகவே பனிமூட்டமும் அட்டையும் லீக்ஸும் தள்ளுபடி. என் அனுமதி உனக்குத் தேவையே இல்லை என்றாயிற்று, ஆகவே நிபந்தனைகளும் நீக்கப்பட்டன. தொந்தியை உன் விருப்பப்படி வை. முழக்கத்தாருக்கு இப்போது தொண்டை நன்றாக இருக்கிறது என்று உன் இதழாசிரியரிடம் சொல். மாதக் கடைசி ஞாயிறு அவர் அந்த அரைப் பக்கத்தில் நிற்கவில்லையென்றால், நானே கொழும்புக்கு வந்து அவருடைய மேசைமேல் ஏறிப் பேசுவேன். எவ்வளவு நேரம் பேசுவேன் என்பதையும் நீயே அவருக்கு எடுத்துச் சொல்லிவிடு.